ஒரே மாத்திரை, உள்ளே இரண்டு மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரத்த அழுத்தத்துக்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "காலையில் ஒரு பிரஷர் மாத்திரை" என்பதே பெரும்பாலும் வரும் பதில். அந்த ஒரு மாத்திரைக்குள் இரண்டு மருந்து, சிலருக்கு மூன்று மருந்து இருப்பது அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். மருந்துக்கடையிலும் மருத்துவமனை மருந்தகத்திலும் மருந்தாளுநர்கள் அன்றாடம் காணும் தவறுகளில் பல இந்த ஓர் அறியாமையிலிருந்தே கிளைக்கின்றன. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

கூட்டு மாத்திரை என்றாலே கெடுதல் என்று எண்ண வேண்டாம். அழுத்தம் ஏறப் பல வழிகள் உண்டு. இரத்தக் குழாய்ச் சுவர் இறுகுவது ஒன்று. ஆஞ்சியோடென்சின் என்ற சுரப்பு குழாயைச் சுருக்குவது ஒன்று. உப்பும் நீரும் உடலில் தேங்குவது ஒன்று. அம்லோடிபின் முதலாவதைத் தளர்த்தும். டெல்மிசார்டான், லோசார்டான், ஓல்மெசார்டான் ஆகியவை இரண்டாவதைத் தடுக்கும். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகள் மூன்றாவதைக் கவனித்துக்கொள்ளும். ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினால் அழுத்தம் இன்னும் கொஞ்சம்தான் இறங்கும்; பக்கவிளைவோ கூடிவிடும். இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்தால் அழுத்தம் நன்றாக இறங்கும், ஒன்றின் தொல்லையை மற்றொன்று ஓரளவு ஈடுகட்டவும் செய்யும். அம்லோடிபினால் வரும் கால் வீக்கத்தை டெல்மிசார்டான் குறைக்கிறது. நீர் மாத்திரை வெளியேற்றும் பொட்டாசியத்தை அது பிடித்து வைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இத்தகைய கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததும், 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவற்றைப் பரிந்துரைத்ததும் இந்தக் காரணங்களால்தான். நாள்தோறும் மூன்று மாத்திரை விழுங்குவதைவிட ஒன்றை விழுங்குவது எளிது என்பதும் சிறிய விஷயமல்ல.

எனவே குறை மாத்திரையில் இல்லை. உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமல் விழுங்குவதில்தான் இருக்கிறது.

அட்டையில் பெரிய எழுத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் கம்பெனி வைத்த பெயர். அதன் பின்னே ஓரிரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏஎம் என்றால் பொதுவாக அம்லோடிபின் சேர்ந்தது. எச் என்றால் ஹைட்ரோகுளோரோதையசைடு. சிடி என்றால் பெரும்பாலும் குளோர்தாலிடோன். இந்த எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அவற்றை நம்பிவிடக் கூடாது. எண்ணும் ஏமாற்றும். 40 என்று போட்டிருந்தால் அது டெல்மிசார்டானின் மில்லிகிராம் மட்டும். கூட இருக்கும் அம்லோடிபின் 5 மி.கி.யா 2.5 மி.கி.யா என்பதை அந்த எண் சொல்லாது. அட்டையில் சிறிய எழுத்தில் "ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி இருக்கும். உண்மையான மருந்துப் பெயர்களும் அளவுகளும் அங்கேதான். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து அந்த வரிகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வாங்கி, மருந்துச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தாலும், மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினாலும், அந்தத் தாளில் உள்ள பெயரும் அளவும் ஒன்றுதானா என்று பார்த்தால் போதும். மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்தத் தாள் இல்லாததால் நேரும் முதல் தவறு, ஒரே மருந்தை இரண்டு முறை சாப்பிடுவது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மிக நல்ல திட்டம். ஆனால் அதே நோயாளி தனியார் மருத்துவரையும் பார்க்கிறார். ஒரு பக்கம் அம்லோடிபின் 5 மி.கி. தனி மாத்திரையாக வருகிறது; இன்னொரு பக்கம் டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை எழுதப்படுகிறது. பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் இரண்டையும் போடுகிறார். கால் இரண்டும் வீங்குகின்றன, தலை சுற்றுகிறது. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் தனியார் மாத்திரை அட்டையையும், தனியார் மருத்துவரிடம் அரசு மாத்திரையையும் காட்டுவது இருவரில் யாரையும் குறை சொல்வதாகாது, தயங்காமல் காட்டுங்கள்.

இரட்டிப்பில் இன்னொரு வகை, ரேமிப்ரில் அல்லது எனலாப்ரிலுடன் டெல்மிசார்டான் சேர்வது. பெயர்கள் வேறானாலும் இரண்டு வகையும் ஆஞ்சியோடென்சின் வழியிலேயே வேலை செய்பவை. 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2008-ல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில், ரேமிப்ரிலையும் டெல்மிசார்டானையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. சிறுநீரகக் கோளாறும் தாழ் அழுத்தமும்தான் கூடின. இரண்டு சீட்டுகளில் இந்த இரண்டும் இருந்தால், அடுத்த முறை மாத்திரை வாங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மாத்திரையை வைத்திருக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. டெல்மிசார்டான் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் மாத்திரை. அதனால்தான் அதைத் தடித்த அலுமினிய அட்டையில் அடைக்கிறார்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை மொத்தமாகப் பிரித்து டப்பாவில் கிழமை வாரியாகப் போட்டு வைப்பது மற்ற பல மருந்துகளுக்குச் சரி, டெல்மிசார்டானுக்குச் சரியல்ல. கிழமை டப்பா வேண்டுமென்றால், அட்டையைக் குமிழ் குமிழாகக் கத்தரித்து, மாத்திரையை வெளியே எடுக்காமல் போட்டு வையுங்கள். விழுங்கும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். சமையலறை அலமாரியிலும் குளியலறை ஜன்னலிலும் வைக்காதீர்கள்.

பாதியாக உடைத்துச் சாப்பிடும் பழக்கம் இதைவிடக் கவலை தருகிறது. "பிரஷர் நார்மல் ஆகிவிட்டது, பாதி போதும்" என்று தாமாகவே முடிவு செய்கிறார்கள். டெல்மிசார்டான் மாத்திரையில் காரத்தன்மையுள்ள பொருள் சேர்ந்திருக்கும். அது மற்ற மருந்தைக் கெடுத்துவிடாமலிருக்க இரண்டையும் தனித்தனி அடுக்காக அழுத்தி ஒட்டியிருப்பார்கள். இரண்டு நிறத்தில் தெரிவது அதனால்தான். வீட்டுக் கத்தியில் வெட்டினால் ஒரு பாதியில் ஒன்று கூடும், மற்றது குறையும். அடுக்கோடு பெயர்ந்துவிட்டால் ஒரு மருந்தே முழுதாக விடுபடும். மீதிப் பாதி மறுநாள்வரை ஈரம் குடிக்கும். நீண்ட நேரம் மெல்ல மெல்லக் கரையும்படி செய்த நிபெடிபின் மாத்திரையை உடைத்தால், நாள் முழுவதும் கரைய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். அளவைக் குறைக்க வேண்டுமென்றால் குறைந்த அளவுள்ள மாத்திரையே கிடைக்கிறது. மருத்துவர் மாற்றி எழுதித் தருவார். பிரஷர் நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

எந்த நேரத்தில் சாப்பிடுவது? காலையா இரவா என்ற கேள்விக்கு, பிரிட்டனில் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு தெளிவான விடை தந்தது: மாரடைப்பும் பக்கவாதமும் வருவதில் வேறுபாடு இல்லை. நாள்தோறும் ஒரே நேரம் என்பதே முக்கியம். நீர் மாத்திரை சேர்ந்திருந்தால் மட்டும் காலையில் போடுங்கள். இல்லையென்றால் இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, இருட்டில் தடுமாறி விழ நேரும். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் அன்றைக்கே போடலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டுமே என்று மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் ஏராளம். அன்று அழுத்தம் கூடுதலாகத் தெரியும். மருந்து போதவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டுவார். மறுநாள் கூட்டிய அளவைச் சாப்பிட்டதும் தலைசுற்றி விழுவார்கள். வழக்கமான இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வாய்த் தண்ணீரோடு பிரஷர் மாத்திரை போடுவதில் தவறில்லை. சர்க்கரை மாத்திரையைத்தான் சாப்பாட்டோடு ஒத்திப்போட வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் வேறு. டெல்மிசார்டான் வகையைச் சில மருத்துவர்கள் ஒரு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள் என்பதால், மயக்க மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்லப்போவதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டாலும் தகும். டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சேர்ந்த கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர், மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் தாமாக வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் எல்லாமே இதில் அடங்கும். காரணம் இது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் இரத்தம் வரும் குழாயை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலி மாத்திரை அதை உருவாக விடாது. வரும் வழி குறுகுகிறது. டெல்மிசார்டான் வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்தியிருக்கிறது; உள்ளே அழுத்தம் நிற்பதில்லை. நீர் மாத்திரை உடலின் மொத்த நீரளவையே குறைத்திருக்கிறது. மூன்றும் சேரும்போது வடிகட்டி வேலை செய்யத் தேவையான அழுத்தமே இல்லாமல் போய், சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். முதியவர், சர்க்கரை நோயாளி, வயிற்றுப்போக்கில் நீர் இழந்தவர் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிறுநீரகம் தப்பினாலும், வலி மாத்திரை உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். பிரஷர் மாத்திரை வேலை செய்யவில்லை என்று பழி அதன்மேல் விழும்.

கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை" என்று கேட்டு வாங்குவதில் இந்த வகை வலி மாத்திரை இல்லாதிருப்பது அரிது. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி. போதும், ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேர இடைவெளி விட்டு, நாளுக்கு 3 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லீரல் நோயோ மதுப் பழக்கமோ இருந்தால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம்: அவற்றில் சிலவற்றின் ஒரு மாத்திரையில் ஏறத்தாழ ஒரு கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கிறது. முழங்காலில் தடவும் ஜெல் உடலுக்குள் மிகக் குறைவாகவே போகும் என்பதால் அது மேல். சளிக்கும் மூக்கடைப்புக்கும் விற்கும் மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரத்தக் குழாயைச் சுருக்கித்தான் அது மூக்கடைப்பைத் திறக்கிறது. ஆவி பிடிப்பதில் அந்தத் தொல்லை இல்லை.

பொட்டாசியம் பற்றியும் சொல்ல வேண்டும். பிரஷருக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில், எடுத்த சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது பயன்தரும். டெல்மிசார்டான் வகை சாப்பிடும் ஒருவருக்குச் சிறுநீரகமும் பழுதுபட்டிருந்தால், பொட்டாசியம் வெளியேற வழியின்றி ஏறி இதயத் துடிப்பையே குலைக்கும். பெரும்பாலும் முன்னறிகுறி இருக்காது. பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் கூடச் சேர்ந்தால் ஆபத்து பெருகும். அத்தகையவர்கள் இளநீரையும் அளவோடுதான் குடிக்க வேண்டும். தொண்டைக்கு நல்லது என்று மாதக்கணக்கில் அதிமதுரம் சாப்பிடுவது நேர்மாறான கெடுதலைச் செய்யும்: அது உடலில் சோடியத்தைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும்; நீர் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் இறங்கும். சித்த மருந்தோ நாட்டு மருந்தோ சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கோபித்துக்கொள்வார் என்று அஞ்சி மறைப்பவர்கள்தான் அதிகம்.

டெல்மிசார்டான் வகையோ நீர் மாத்திரையோ சேர்ந்த மாத்திரை தொடங்குமுன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், அதோடு சோடியம், பொட்டாசியம் மூன்றையும் இரத்தத்தில் பார்த்துவிட்டு, தொடங்கி இரண்டு வாரம் முதல் நான்கு வாரத்துக்குள் மறுபடி பார்ப்பது முறை. அளவை மாற்றினாலும் அப்படியே. பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கிரியேட்டினின் முதலில் சிறிது ஏறுவது இயல்பு. முன்பிருந்ததைவிட 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் கவனிக்க வேண்டும்.

பக்கவிளைவு வரும்போது கூட்டு மாத்திரைக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தொல்லை தருவது ஒரு மருந்துதான். நோயாளியோ இரண்டையும் நிறுத்திவிடுகிறார். மாலையில் இரண்டு கணுக்காலும் வீங்கினால் அம்லோடிபினாக இருக்கலாம். கிட்னி போய்விட்டது என்று பதறி நீர் மாத்திரை வாங்கிப் போட்டால் அந்த வீக்கம் வடியாது, ஏனென்றால் அது நீர் தேங்கியதால் வந்ததல்ல, நுண்குழாய்களிலிருந்து கசிந்தது. அளவைக் குறைத்தாலோ சில்னிடிபினுக்கு மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகும். ஒரே காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது வீக்கத்தோடு மூச்சிரைப்பும் என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஈறு தடிப்பதும் அம்லோடிபினால் வரலாம். பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரேமிப்ரில், எனலாப்ரில் வகையில் வறட்டு இருமல் வரும். அதற்கு மாதக்கணக்கில் இருமல் சிரப் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். நீர் மாத்திரையால் யூரிக் அமிலம் ஏறிப் பெருவிரல் வீங்கலாம். முதியவர்களுக்கு, அதிலும் மெலிந்த பெண்களுக்கு, சோடியம் இறங்கிக் குழப்பமும் தள்ளாட்டமும் வரும். வயதானால் இப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். ஒரு சோடியம் பரிசோதனை விஷயத்தைச் சொல்லிவிடும். இதயத் துடிப்பைத் தணிக்கும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் சேர்ந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறும்; நெஞ்சுவலி உள்ளவருக்கு மாரடைப்புவரை போகலாம். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் அந்த மருந்து மறைத்துவிடும். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் எந்தக் கேள்வியுமின்றி 108.

அக்னி நட்சத்திர நாட்களில் வெயிலில் வேலை செய்பவருக்கும், வாந்தி வயிற்றுப்போக்கு வந்தவருக்கும் இதே மாத்திரை வேறு விதமாக வேலை செய்யும். நீர் குறைந்த உடலில் அழுத்தம் சரிந்து, எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். வாந்தியும் பேதியும் நிற்காத நாளில் நீர் மாத்திரையையும் டெல்மிசார்டான் வகையையும் ஓரிரு நாள் நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. தாமாக முடிவெடுக்காமல் அன்றே தொலைபேசியில் கேளுங்கள். சாப்பாடும் தண்ணீரும் சரியான பிறகு எப்போது தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்; நிறுத்தியதை அப்படியே மறந்துவிடுவதும் நடக்கிறது.

குழந்தைப் பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள், டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில் எதையும் கருவுற்ற பின் தொடரக் கூடாது. கருவின் சிறுநீரகம் பாதிக்கப்படும். லேபெட்டலால், நிபெடிபின், மெத்தில்டோபா போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்வது நல்லது. நாள் தள்ளிப்போனால் மறுநாளே.

வீட்டில் அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காபி, டீ, புகை, புகையிலை எதுவும் அரை மணி நேரத்துக்கு முன் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். மேல்கையில் கட்டும் கருவியே நல்லது. பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டு அளவில் அது 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும்; உங்களுக்கு இன்னும் குறைவாக மருத்துவர் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. மாத்திரை புதிதென்றால் முழுப் பலன் தெரிய நான்கு வாரம் ஆகும். நாலாம் நாளே வேலை செய்யவில்லை என்று மாற்றக் கேட்க வேண்டாம்.

திடீரென 180/120 காட்டினால், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளக்கவும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எதுவும் இருந்தால் 108. அறிகுறி இல்லையென்றாலும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கூடுதலாக ஒரு மாத்திரை விழுங்குவதும், நிபெடிபின் காப்ஸ்யூலைக் குத்தி நாக்கடியில் விடும் பழைய வழக்கமும் வேண்டாம். அழுத்தம் ஒரேயடியாகச் சரிந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததுண்டு.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சீட்டில் கம்பெனிப் பெயருக்குக் கீழே உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயரையும் எழுதுங்கள், முன்பு சாப்பிட்டதில் எதை நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதுங்கள். சக மருந்தாளுநர்களிடமும் ஒன்று. பத்து மாத்திரை அட்டையில் நான்கு கேட்டால், பெயரும் காலாவதித் தேதியும் அச்சான பக்கத்தைக் கடையில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தை நறுக்கித் தருகிறோம். உள்ளே என்ன இருக்கிறதென்று படிக்க வாங்கியவருக்கு வழியே இல்லாமல் போகிறது. அந்தக் காகித உறைமேல் இரண்டு மருந்துப் பெயரையும், மில்லிகிராமையும், காலாவதி மாதத்தையும் தமிழில் எழுதித் தர அரை நிமிடம் ஆகும். எழுதித் தருவோம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் இருவர்,
திருச்சிராப்பள்ளி